மல்லாந்த கரப்பான் போட்ட பனியன்

"இன்னும் எத்தனை அடை இருக்கு?"

"பேசாதே. எண்ணிக்கிட்டிருக்கேன்."

அக்காவின் வலது கை தோள்வரை அலமாரிக்குப் பின்னால் போயிருந்தது. கன்னம் சுவரோடு ஒட்டியிருந்தது. தலையிலிருந்த வலைத்தொப்பி கோணிக்கொண்டு ஒரு கண்ணை மறைத்தது. கண்ணால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. விரல்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணு. இல்ல, நாலு. நாலாவது சின்னது."

"மணி பன்னெண்டரை" என்றான் தம்பி. திறந்திருந்த வாசல் கதவுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். "நாலு மணிக்கு இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு. நிதானமா பண்ணுக்கா. நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

"காலைலேர்ந்து இது நாலாவது டீ."

"வேலை இல்லாதவன் வேற என்ன செய்வான்? என் வேலை நாலு மணிக்குத்தானே."

அவனுக்குப் பக்கத்தில் படியில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, குழாய் வைத்த மருந்து டப்பா. இன்னொன்று, கண்ணாடிக் காகித உறைக்குள் மடித்து வைத்த பச்சை பனியன். பனியனின் மார்பில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தது. ஆறு கால்களும் மேலே. அதற்குக் கீழே தம்பியுடைய கம்பெனியின் பெயரும் தொலைபேசி எண்ணும். அக்காவின் அளவு கேட்காமலே வாங்கியிருந்தான். அவ்வப்போது அந்த உறையைத் தட்டிக் கொடுத்தான், அழுகிற குழந்தையைத் தட்டுவதுபோல.

அது மூன்றாவது மாடி வீடு. சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே மர அலமாரி. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தச்சர் அதை எதற்கு விட்டார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தேனீக்களுக்குத் தெரிந்திருந்தது. ஜன்னல் சட்டத்தில் இருந்த விரிசல் வழியாக வந்து நான்கு மாதமாகக் குடியிருந்தன.

மாமியார் பூச்சிமருந்துக்காரருக்கு ஃபோன் செய்திருந்தார். மருமகள் தேனீ எடுப்பவருக்கு ஃபோன் செய்திருந்தாள். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் ஒரே கதவின் முன்னால் நின்றார்கள். ஒரே மூக்கு, ஒரே நெற்றி.

"சொந்தக்காரங்களா?" என்றார் மாமியார்.

"கூடப் பிறந்தவ" என்றான் தம்பி.

"அதுல என் தப்பு ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா.

மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. அந்த வயதுக்குச் சம்பந்தமில்லாத பெரிய கொண்டை. விஷயத்தை ஒரு நிமிடத்தில் தீர்த்து வைத்தார். மாலை ஐந்து மணிக்கு அவருடைய தங்கை குடும்பத்தோடு வருகிறாள். ஆறு வருடம் கழித்து வருகிறாள். சமையலறையில் ஒரே ஒரு தேனீ பறந்தாலும் ஊர் பூரா சொல்லிவிடுவாள். ஆகவே நாலு மணி வரைக்கும் அக்காவுக்கு. நாலு மணிக்குச் சமையலறையில் ஒரு தேனீ இருந்தாலும் தம்பிக்கு.

"ஒண்ணுன்னா ஒண்ணுதானா அம்மா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். அரை தேனீகூட ஒண்ணுதான்."

பிறகு மாடிப்படியில் வைத்து அக்காவும் தம்பியும் தனியாக ஒரு பேச்சு பேசிக்கொண்டார்கள். அந்த வருடத்தில் ஏற்கெனவே இரண்டு கூடுகள் அக்காவின் கையை விட்டுத் தம்பியின் குழாய்க்குப் போயிருந்தன. ஒன்று லிஃப்ட் போகிற குழிக்குள். எல்லாம் வந்துவிட்டது என்று பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினாள், ராணி வரவில்லை. மறுநாள் பாதி தேனீ திரும்பிப் போய்விட்டது. இன்னொன்று ஒரு பல் மருத்துவரின் கூரைக்குள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

"இன்னைக்கும் தோத்தா என்ன பண்ணுவே?" என்று தம்பி கேட்டான்.

"தோத்தா உன் பனியனைப் போட்டுக்கறேன், போடா."

எரிச்சலில் சொன்னது. ஆனால் வாயை விட்டு வந்துவிட்டது. தம்பி உடனே எழுந்து கீழே போய்த் தன் வண்டியிலிருந்து பனியனைக் கொண்டுவந்தான். எத்தனை நாளாக அது வண்டியில் இருந்தது என்று அவன் சொல்லவில்லை.

"ஜெயிச்சேன்னா?" என்றாள் அக்கா.

"ஜெயிச்சா இனிமே என் ஆபீசுக்கு வான்னு பேச்சே எடுக்கமாட்டேன். ஆனா ராணி பெட்டிக்குள்ள இருக்கறதை என் கண்ணால பாக்கணும். லிஃப்ட் கதை மறுபடி வேணாம்."

தம்பி கெட்டவன் அல்ல. ஐம்பத்து மூன்று வயதில் அக்கா அடுத்தவர் வீட்டு ஏணியில் நிற்பதை அவனால் பார்க்க முடியவில்லை. தன் அலுவலகத்தில் அவளுக்கென்று ஓர் இடம் வைத்திருந்தான். மின்விசிறிக்கு நேர் கீழே மேஜை, தொலைபேசி, சுழல் நாற்காலி. "வர்ற ஃபோனை எடுத்து, கரப்பானா, கரையானா, எலியான்னு கேட்டு எழுதி வச்சா போதும்." அந்தச் சுழல் நாற்காலியை ஒருதடவை அவளுக்குக் காட்டியிருக்கிறான். அவன் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். இறங்கியபோது அவளுக்கு லேசாக வாந்தி வருவதுபோல் இருந்தது. கொட்டு வாங்கியும் அவளுக்கு அப்படி ஆனதில்லை.

அக்கா முதலில் திரைச்சீலைக் கடையில் இருந்தாள். வீடுவீடாகப் போய் ஜன்னலுக்கு அளவு எடுக்கிற வேலை. ஏணி அங்கேதான் பழகியது. மற்றவர் படுக்கையறையில் எதைப் பார்த்தாலும் பார்க்காததுபோல் இருக்கவும் அங்கேதான் பழகியது. ஒரு வீட்டில் ஜன்னலுக்கு மேலே திரை மாட்டுகிற பெட்டிக்குள் தேனீக் கூடு இருந்தது. அதை எடுக்காமல் திரை மாட்ட முடியாது, திரை மாட்டாமல் வந்தால் முதலாளி விடமாட்டார். நாடாவை வாயில் கவ்விக்கொண்டு, கடையிலிருந்து கொண்டுபோயிருந்த வலைத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு, ஓர் அட்டைப்பெட்டிக்குள் மொத்தத்தையும் எடுத்துவிட்டாள். பதினான்கு கொட்டு. திரை அளவும் தவறவில்லை. அது பதினெட்டு வருடத்துக்கு முன்னால். இப்போதும் அவள் தொப்பி வலை திரைச்சீலைத் துணிதான். ஓரத்தில் சின்னச் சின்னப் பூவேலை இருக்கும்.

கணவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டுவார். வீட்டு வாசலில் நிறுத்தியதும் நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொள்வார். வேலை முடிகிறவரை இறங்கமாட்டார். இப்படி வேலைக்குக் கூடவே வந்த ஏழு வருடத்தில் அவரை ஒரு தேனீகூட கொட்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வந்தவர்போல் நனைந்திருப்பார். உள்ளே இருந்தபடி ஃபோன் செய்வார்.

ஒன்றரை மணிக்கு ராணி கிடைத்தது.

அதுவரைக்கும் ஏழு அடைகளை அறுத்து எடுத்து, புழு இருந்த அடைகளை மரச்சட்டத்தில் வைத்து ரப்பர் பட்டையால் கட்டிப் பெட்டிக்குள் இறக்கியிருந்தாள். தேன் அடைகள் இரண்டு வாளியில். முழங்கைவரை பிசுபிசுப்பு. கடைசி அடையை வெளிச்சத்தில் திருப்பியபோது கூட்டம் ஓர் இடத்தில் விலகி விலகி மூடியது. யாருக்கோ வழி விடுகிறார்கள் என்றால் அங்கே ராணி போகிறது. அக்கா காத்திருந்து, சட்டைப்பையிலிருந்து கிளிப்பை எடுத்து, அதன் மேல் கவிழ்த்து மூடினாள்.

ராணியைப் பிடிக்க என்றே ஒரு கிளிப் இருக்கிறது. பல் பல்லாக இருக்கும். பல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வேலைக்காரத் தேனீக்கள் போய்வரலாம். உடம்பு பெருத்த ராணியால் முடியாது. அக்காவுடையது போன வருடம் உடைந்துவிட்டது. அதே வடிவத்தில் வேறொன்று அலங்காரச் சாமான் கடையில் கிடைத்தது, தலைமுடிக்குப் போடுகிற கிளிப்புகளின் வரிசையில். பழுப்பு நிறம். கடைப்பெண் அக்காவின் ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்து, "ஆன்ட்டி, இது உங்க முடில நிக்காதே" என்றாள். "நிக்க வேணாம், நடந்தா போதும்" என்றாள் அக்கா. வீட்டுக்குப் போய்ப் பல்லை அரத்தால் ராவிச் சரிசெய்துகொண்டாள்.

ராணி கிடைத்தால் கிளிப்பைத் தன் சட்டைக் காலரிலேயே மாட்டிக்கொள்வாள். பதினெட்டு வருடப் பழக்கம். ஒருதடவையும் கீழே வைத்ததில்லை. அன்றைக்குக் காலர் முழுக்கத் தேன். கழுவிவிட்டு மாட்டலாம் என்று ராணியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். அப்போது ஃபோன் அடித்தது. கையைத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. நடையில் குளியலறைக்குப் பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் கீழே ஒரு தட்டு. கிளிப்பை அதில் வைத்தாள்.

"என்ன?"

"வண்டி மேல ஒரு பூனை ஏறியிருக்கு" என்றார் கணவர்.

"சரி."

"விரட்டவா?"

"விரட்டுங்க."

"விரட்டணும்னா கண்ணாடிய இறக்கணும்."

"இறக்குங்க."

"தேனீ வந்துட்டா?"

"தேனீ எல்லாம் மூணாவது மாடில இருக்கு. பூனைதான் கீழ இருக்கு."

"இல்ல, ஹாரன் அடிச்சுப் பாத்தேன். அது என்னைத் திரும்பிப் பாத்துட்டு மறுபடி படுத்துக்கிச்சு."

இந்தப் பேச்சு நான்கு நிமிடம் நடந்தது. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்து, பூனையைக் கைதட்டி விரட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். தட்டில் ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும் இருந்தன.

அக்கா சீப்பைத் தூக்கிப் பார்த்தாள். டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். தரையில் மண்டியிட்டுப் பார்த்தாள். பிறகு நேராக மாடிப்படிக்குப் போனாள்.

"எங்கடா அது?"

"எது?"

"விளையாடாதே. ராணி எங்க?"

தம்பி டீக் கோப்பையைக் கீழே வைத்தான். முகம் நிஜமாகவே வாடிவிட்டது. "அக்கா, நான் மருந்து அடிப்பேன். திருட மாட்டேன்."

அது உண்மைதான். அவளுக்கும் தெரியும்.

மருமகளிடம் ராணி தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. "பழுப்பு கலர்ல ஒரு முடி கிளிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். மருமகள் நல்ல பெண். உள்ளே போய்த் தன்னிடம் இருந்த மூன்று கிளிப்புகளையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுல எது?"

"உள்ள ராணி இருக்கறது."

மருமகள் மூன்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "ஐயையோ" என்றாள்.

"அம்மாகிட்ட கேக்கலாமா?" என்றாள் அக்கா.

"அத்தை குளிச்சுட்டு ரூமுக்குள்ள போயிட்டாங்க. சித்தி வர்றாங்கன்னா மதியம் ஒரு தூக்கம் போட்டாகணும். இப்ப எழுப்பினோம்னா, ராணியாவது ஒண்ணாவது, மருந்துக்காரரை உடனே கூப்பிட்டுடுவாங்க."

ஒரு மணி நேரம் தேடினார்கள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். குளியலறையில் தண்ணீர் போகிற பொந்துக்குள் டார்ச் அடித்தார்கள். சமையலறையில் சத்தம் மாறிவிட்டது. ராணி இருக்கும்போது ஒரு சீரான ரீங்காரம் இருக்கும். இப்போது, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றவர்கள் முன்னால் கவுன்டரை மூடிவிட்டால் வருமே, அந்த மாதிரி. பெட்டிக்குள் போயிருந்தவையும் வெளியே வந்து சுவரில் அலைந்தன. அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி வாசல் வழியே தலையை நீட்டிப் பார்த்தான். கேலி செய்யவில்லை. அது கேலியைவிட மோசமாக இருந்தது.

"ரெண்டே முக்கால் ஆச்சுக்கா" என்றான் மெதுவாக. "நாற்காலிக்கு ஒரு குஷன் போட்டுடறேன். முதுகுக்கு நல்லது."

"போய் உக்காருடா."

அவன் போனான். கையுறையை மாட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது, பட், பட் என்று.

அப்போதுதான் மருமகள் கூப்பிட்டாள். "இங்க பாருங்களேன். இதுங்க எங்க போகுது?"

தேடுகிற அவசரத்தில் சமையலறை வாசலில் கட்டியிருந்த வலையைத் திறந்து விட்டிருந்தார்கள். தேனீக்கள் நடை வழியாகப் போய்க்கொண்டிருந்தன. தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டினாற்போல ஒரே உயரத்தில், ஒரே திசையில். கண்ணாடியைத் தாண்டின. குளியலறையைத் தாண்டின. மாமியாரின் அறைக் கதவுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த சதுரத்தில் நுழைந்தன.

அக்கா கதவைத் தள்ளினாள்.

மாமியார் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கொண்டை கலையாமல் இருக்க, தலை எதிலும் சாயவில்லை. மூக்குக்கண்ணாடி மடியில் இருந்தது. கொண்டைக்கு நடுவே பழுப்பு கிளிப். அதைச் சுற்றிலும் தேனீ. கொண்டை தெரியவில்லை, கொண்டையின் வடிவத்தில் தேனீதான் தெரிந்தது. அதுவே ஒரு பங்கு பெரிதாகவும் ஆகியிருந்தது.

நடந்தது அக்காவுக்கு விளங்கிவிட்டது. குளித்துவிட்டு வந்தவர் கண்ணாடி போடாமல், மருமகளுடைய கிளிப் என்று நினைத்து எடுத்துக் கொண்டையில் செருகியிருக்கிறார். கிளிப்பைத் திறந்ததும் ராணி இறங்கிப் பக்கத்தில் கிடைத்த இருட்டுக்குள் போய்விட்டது. சுவரைவிட நல்ல இடம். வெதுவெதுப்பு, காற்றோட்டம்.

"அம்மா" என்றாள். "கண்ணைத் திறங்க. தலையை மட்டும் ஆட்டாதீங்க."

மாமியார் கண்ணைத் திறந்தார். "என்ன மணி?"

"மூணு."

"என்னடி இது, தலை கனக்குது."

மருமகள் கதவுக்கு வெளியே நின்று புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். பயமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"உங்க கொண்டைல கொஞ்சம் தேனீ இருக்கு" என்றாள் அக்கா.

"கொஞ்சம்னா?"

"பாதி."

"பாதின்னா?"

"வீட்ல இருந்ததுல பாதி. மீதி வந்துக்கிட்டிருக்கு."

மாமியார் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. கத்தினால் தலை ஆடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சத்தம் கேட்டுத் தம்பி குழாயோடு ஓடி வந்தான். வாசலில் அவனைப் பார்த்ததும் மாமியார் உதடு அசையாமல் சொன்னார்: "தம்பி, அதை இந்தப் பக்கம் நீட்டினே, நான் உயிரோட இருக்கற வரைக்கும் உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"நீங்கதானேம்மா வரச் சொன்னீங்க."

"சமையலறைக்கு வரச் சொன்னேன். என் தலைக்கா வரச் சொன்னேன்?"

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்தாள். "முடியைப் பிரிச்சு விட்டுடலாம்மா. ராணி உள்ள இருக்கு. அதை எடுத்துப் பெட்டிக்குள்ள விட்டா எல்லாம் பின்னாலயே போயிடும்."

"முடியைத் தொடக்கூடாது."

"தொடாம எப்படிம்மா?"

"தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது. வேற வழி பாரு."

"வேற வழி இல்லம்மா. கொட்டாது. மெதுவா—"

"கொட்டினா கொட்டிட்டுப் போகட்டும். முடில கை வச்சே, தெரியும்."

அக்கா தொப்பி வலைக்குள் விழித்துக்கொண்டு நின்றாள். தேனீக்கு அஞ்சாதவர் எதற்கு அஞ்சுகிறார்? மணி மூன்றேகால். மாமியார் கண்ணை மட்டும் உருட்டி, வா என்றார். அக்கா குனிந்தாள்.

"எல்லாரையும் வெளிய அனுப்பு. கதவைச் சாத்து."

கதவைச் சாத்தியதும் மாமியார் சொன்னார்: "அது சவுரி."

"என்னது?"

"கத்தாதே. கொண்டை மொத்தமும் சவுரி. உள்ள பஞ்சு உருண்டை. பதினோரு வருஷமா. செத்துப்போன என் வீட்டுக்காரருக்கே தெரியாது. தங்கச்சிக்குத் தெரிஞ்சா நான் செத்தேன். மருமகளுக்குத் தெரிஞ்சா அதுக்கப்புறமும் வாழணும்."

அக்கா இன்னும் குனிந்து கொண்டையின் அடியைப் பார்த்தாள்.

"சிரிக்காதே."

"சிரிக்கலம்மா."

"வலைக்குள்ள சிரிக்கறே. துணி ஆடுது."

"ஊசி எத்தனை இருக்கு?"

"அஞ்சு. ரெண்டு மேல, மூணு கீழ."

தேனீக்களுக்கு நடுவே விரலை விட்டு ஒவ்வொரு ஊசியாக உருவினாள். ராணியின் கிளிப்பை முதலில் எடுக்கவேண்டி வந்தது. நான்கு ஊசி வந்துவிட்டது. ஐந்தாவதை இழுத்தபோது மாமியார் "ஸ்" என்றார். ஒரு தேனீ காதுமடலில் கொட்டிவிட்டது. அவர் அசையவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி, தேனீயும் சவுரியுமாக அக்கா அப்படியே தூக்கினாள். ரொட்டிக்கடையில் பெரிய ரொட்டியைத் தூக்குகிற மாதிரி வந்தது. அடியில் ஒரு பென்சில் தடிமனுக்குச் சொந்தமுடி, நுனியில் கறுப்பு ரப்பர் போட்டு.

இரண்டு சட்டங்களை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் அந்த இடத்தில் கொண்டையை வைத்தாள். மூடினாள். பெட்டியின் சின்ன வாசலில் பத்துப் பதினைந்து தேனீக்கள் வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு இறக்கையை அடிக்க ஆரம்பித்தன.

மாமியார் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிட்டே வந்து பார்த்தார். "இதுங்க என்ன பண்ணுது?"

"ராணி இங்கதான் இருக்கு, எல்லாரும் வாங்கன்னு வீசி விடுது. அந்த வாசனைல மீதியும் வந்துடும்."

"யாரும் சொல்லாமலேயா?"

"சொல்ல வேண்டியதில்ல."

"நான் ஒரு டம்ளர் தண்ணிக்கு மூணு தடவை கூப்பிடணும்" என்றார் மாமியார். கதவைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று ஐம்பதுக்கு நடையில் தேனீ இல்லை. சமையலறையில் மிச்சமிருந்த முப்பது நாற்பதை அக்கா மெல்ல உறிஞ்சுகிற கருவியால் எடுத்துப் பெட்டியில் சேர்த்தாள். அலமாரிக்குப் பின்னால் சுவரைச் சுரண்டிக் கழுவினாள். விரிசலை அடைத்தாள்.

நாலு மணிக்குத் தம்பி உள்ளே வந்தான். கூரையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தான். குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"சரி. ராணியைக் காட்டு."

"பெட்டிக்குள்ள இருக்கு."

"திற."

அக்கா பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மூடியைத் திறந்தால் முதலில் தெரிவது ராணி அல்ல. மருமகள் பக்கத்திலேயே நின்றாள்.

"திறக்க முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது."

"பேசினது என்னக்கா? கண்ணால பாக்கணும்னு பேசினோமா இல்லையா? லிஃப்ட்லயும் இதேதான் சொன்னே, எல்லாம் உள்ள இருக்குன்னு." குரல் இறங்கிவிட்டது. "தோத்துட்டேன்னு சொல்லிடு. இதுல என்ன வந்துடுச்சு. பனியனை வீட்டுக்குப் போய்க்கூடப் போட்டுக்கோ."

அக்கா பச்சை உறையைப் பார்த்தாள். பதினைந்து நொடி வேலை. மூடியைத் தூக்கி, ராணியைக் காட்டி, மூடிவிடலாம். அதற்குள் பதினோரு வருடம் வெளியே வந்துவிடும். மற்றவர் படுக்கையறையில் பார்த்ததைப் பார்த்ததாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"பனியனைக் குடு" என்றாள்.

தம்பி உறையைப் பிரித்தான். பாதி பிரித்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அங்க என்ன கடை விரிச்சிருக்கே?"

மாமியார் தலையில் துண்டோடு வாசலில் நின்றார். ஒரு காது சிவந்து வடைச்சட்டி மூடிபோல் உப்பியிருந்தது.

"ராணி உள்ள இருக்கான்னு பாக்கணும்மா. அவ்வளவுதான்."

"இருக்கு. நான் பாத்தேன்."

"நீங்க அப்ப கண்ணாடி போட்டிருக்கலையேம்மா."

"என் தலைல ஒன்றரை மணி நேரம் இருந்ததை நான் கண்ணாடி போட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார். "பெட்டியைத் திறந்து மறுபடி என் வீட்ல ஒண்ணைப் பறக்க விட்டேன்னா, தங்கச்சிக்கு முன்னாலயே நான் ஊர் பூரா சொல்லுவேன், இந்தக் கம்பெனிக்காரன் வந்தான், வீடு பூரா தேனீயாயிடுச்சுன்னு. கிளம்புப்பா."

தம்பி பனியனை மறுபடி மடித்தான். சரியாக மடிய வரவில்லை. கரப்பானின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

படி இறங்கும்போது பெட்டியின் ஒரு பக்கத்தை அவனும் பிடித்துக்கொண்டான்.

"என்கிட்ட மட்டும் சொல்லேன். உள்ள என்ன இருக்கு?"

"தேனீ."

"அது தெரியும்."

"அப்ப சரியா பிடி. சாயுது."

கீழே கணவர் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினார். "யாரு ஜெயிச்சா?" என்றார். யாரும் பதில் சொல்லாததால் மறுபடி ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அக்காவும் கணவரும் பெட்டியை, பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய அச்சகத்தின் பின்புறத்துக்குக் கொண்டுபோனார்கள். அவள் எடுத்த கூடுகளையெல்லாம் அங்கேதான் வைப்பது. அது பத்தொன்பதாவது பெட்டி. திறந்து கொண்டையை உதறினாள். ராணி ஒரு சட்டத்தின் மேல் விழுந்து உள்ளே நடந்தது. தேனீக்கள் இரவோடு இரவாகப் பஞ்சு உருண்டையில் கட்டைவிரல் அளவுக்கு மெழுகு கட்டியிருந்தன. வீட்டுக்குப் போய்ச் சவுரியை வெந்நீரில் நான்கு தடவை அலசி, குளியலறைக் கதவின் பின்னால் தொங்கவிட்டாள். கணவர் அதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். கஸ்டமருடையது என்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை. பதினொன்றரைக்கு மருமகள் ஃபோன் செய்தாள். "அத்தையோட சவுரி உங்ககிட்டதானே இருக்கு? சித்தி முன்னால துண்டை அவிழ்க்கவே இல்ல, தலைவலின்னு சொல்லிட்டாங்க. பாவமா இருந்துச்சு. நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லமாட்டேன் என்றாள் அக்கா. பன்னிரண்டுக்கு மாமியார் ஃபோன் செய்தார். மருமகள் கடைக்குப் போகும் நேரத்தில் வரச் சொன்னார். மூன்று மணிக்குத் திரைச்சீலைக் கடைப் பை ஒன்றில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். தம்பி நான்கரைக்கு வந்தான். ஒரு கிடங்கில் குளவிக் கூடு இருக்கிறது, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பார்க்கலாமா என்று கேட்டான். நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. பனியனை அக்காவின் வண்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கணவர் அதைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கழுவினார். அவருக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. வண்டியின் கூரையில் பூனையின் கால்தடங்கள் இருந்தன. அவை போகவில்லை.